காற்றடி விடுதியின் பின்வாசல் வண்டு

ஹெத்விகாவை அடக்கம் செய்த அன்று பேசியவர்கள் எல்லோரும் அவளை மலையின் மகள் என்றார்கள். ஒருவர் ஒரு படி மேலே போய், "மலையை விட்டு ஒரு நாளும் இறங்க மனம் வராதவர்" என்றார். சவப்பெட்டியின் மேல் பழுப்புப் பூக்களால் கட்டிய ஆளுயர வண்டு ஒன்று ஆறு காலையும் விரித்துக்கொண்டு கிடந்தது. பாதிரியார் முன்னால் சண்டை போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். ஹெத்விகாவுக்கு மலையைக் கண்டாலே ஆகாது. பனியைக் கண்டால் ஆகாது. பனிச்சறுக்குக்கு வருகிறவர்களைக் கண்டால் அறவே ஆகாது. அந்த வண்டைப் பற்றி அவள் சொன்னதை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

யெசெனிக் மலைமுதுகில், மரங்கள் இடுப்புயரத்துக்கு மேல் வளராத இடத்தில் இருக்கிறது காற்றடி விடுதி. அதைப் பார்த்துக்கொண்டவள் அவள். அடிவாரத்திலிருந்து அதற்குச் சரக்கு ஏற்றும், அந்தரத்தில் கம்பியில் தொங்கி ஓடும் கம்பிவண்டியை ஓட்டியவன் நான். மேலே போவது பீர்ப் பீப்பாய், மாவு, உருளைக்கிழங்கு. கீழே வருவது காலிப் பீப்பாய், எப்போதாவது கால் ஒடிந்த சுற்றுலாக்காரன்.

அவளை அங்கே கூட்டி வந்தது அவள் புருஷன் ருடோல்ஃப். "ரெண்டே ரெண்டு குளிர்காலம் ஹெத்வி, அப்புறம் டவுன்ல வீடு" என்று சொல்லித்தான் கூட்டி வந்தான். சொன்னபடியே இரண்டாவது குளிர்காலம் முடிந்ததும் டவுனுக்குப் போனான். கூடவே பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனான். ஹெத்விகா அழுது நான் பார்க்கவில்லை. அவன் விட்டுப்போன சறுக்குக் கட்டைகளில் ஒன்றை அடுப்பில் வைத்தாள். இன்னொன்றைப் பின்வாசல் படிக்குக் கைப்பிடியாக ஆணி அடித்துவிட்டாள். யாராவது அடுப்பு மூட்ட வேண்டுமே என்று அந்த வருடம் இருந்தாள். அப்புறம் அடுத்த வருடமும் இருந்தாள். அப்படியே தலை நரைத்துவிட்டது.

அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. விடுதி தொழிற்சங்க நிர்வாகத்துக்குச் சொந்தம். டவுனில் ஒரு வீடு கொடுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. சமையலறைக் கழிவுநீர்க் குழாய் பின்சுவருக்கு அடியில் எங்கேயோ உடைந்து கிடக்கிறது, நாறுகிறது, சரிபண்ணுங்கள் என்றும் கேட்டாள். வசந்தம் வந்தால் ஒரு ஆள் வருவான். சுவரைப் பார்ப்பான், சூப் குடிப்பான், "சூப் பிரமாதம் தோழரே" என்பான், போய்விடுவான்.

இந்த நிலைமையில்தான் வண்டு வந்தது. வண்டு எப்போதும் அங்கேதான் இருந்தது, வந்தது அதிகாரி ஹ்லாவிச்கா. இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துக்காரர், சாம்பல் கோட்டு, சதா சளி. என் கம்பிவண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை மேல் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்து மேலே வந்தார். சாப்பாட்டுக்கூடத்தில் நின்று விஷயத்தைச் சொன்னார். விடுதியைச் சுற்றி ஒரு தரை வண்டு கிடைத்திருக்கிறது. அது உலகில் வேறெங்கும் இல்லாத தனி வகை என்று தெரிந்தால் மலைமுதுகு முழுவதும் மனிதர் புழங்காத காப்பிடம் ஆகும். விடுதியை இடித்துவிடுவார்கள். விடுதிப் பொறுப்பாளிக்குக் கீழே டவுனில், ஷும்பெர்க்கில், புதுக் கட்டிடத்தில் வீடு கிடைக்கும். வண்டு சாதா வண்டுதான் என்றால் எல்லாம் இருந்தபடி இருக்கும்.

"வீட்டுக்கு லிஃப்ட் உண்டா?" என்று கேட்டாள் ஹெத்விகா.

"உண்டு, தோழரே. எதிர்லயே ஆஸ்பத்திரி. சுவத்துலயே சூடு வரும். விறகு பொளக்க வேண்டாம்."

அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். கூடத்தில் இருந்த மரவெட்டிகளோ கொதித்துப்போனார்கள். அந்த மலையில் அவர்களுக்கு பீர் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். அவர்களின் தலைவன் மத்யெய் எழுந்து மேஜையை அறைந்தான். "பாருங்கடா அந்தப் பொம்பளைய! பேச்சே வரலை. நெஞ்சு உடைஞ்சு போச்சு. ஒரு பூச்சிக்காக அவ வீட்டை இடிக்க விடுவோமா?" விட மாட்டோம் என்று எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன்.

மறுவாரம் பீப்பாயை இறக்கும்போது அவள் என்னை அலமாரிப் பக்கம் கூப்பிட்டாள். உள்ளே ஒரு புதுத் துணிக்கட்டு. மஞ்சள் துணி, அதில் பெரிய பெரிய கசகசாப் பூக்கள்.

"என்னது இது?"

"திரைச்சீலை. ஷும்பெர்க்குக்குப் போயிருந்தேன். அந்தக் கட்டிடத்தை வெளியில நின்னு பாத்தேன். ஜன்னல் எவ்வளவு உசரம் தெரியுமா லூபோர்? என் தலைக்கு மேல ஒரு முழம்."

"அப்ப நீ வண்டு பக்கமா?"

"வாயைத் திறந்தேன்னா உன்னை பீப்பாய்க்குள்ள போட்டு மூடி அனுப்பிருவேன். அந்தத் தடியனுங்களுக்குத் தெரியக் கூடாது. எனக்கு அந்த வண்டு தனி வகையா இருந்தே ஆகணும். என் முட்டி ரெண்டும் அதைத்தான் நம்பியிருக்கு."

தீர்ப்புச் சொல்ல இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் நாட்டில் பொழுதுபோக்காக வண்டு பிடித்துச் சேர்க்காத மனிதன் குறைவு. ரயில் ஓட்டுகிறவன் சேர்ப்பான், பாதிரியார் சேர்ப்பார். கட்டிலுக்கு அடியில் கண்ணாடி மூடி போட்ட பெட்டிகள் இருக்கும், பெண்டாட்டி பெருக்கும்போது இடிப்பாள், வீட்டில் சண்டை வரும். வந்த இருவரில் ஒருவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாவ்ரெச்கா. இந்த வண்டின் முதுகு ஓடுகள் இரண்டும் ஒட்டிப்போய்விட்டன, அடியில் பறக்கும் சிறகே இல்லை, அதனால் ஒரு மலை வண்டு அடுத்த மலைக்குச் சம்பந்தம் பேசப் போக முடியாது, மலைக்கு மலை வகை வேறு என்பது அவர் கட்சி. இன்னொருவர் சாப்ளெதல், பல் டாக்டர். வண்டு விஷயத்தில் பேராசிரியருக்குச் சமமாக மதிக்கப்பட்டவர். ஆல்ப்ஸ் வரைக்கும் எல்லாம் ஒரே வண்டுதான், சாப்பாட்டாலும் தட்பவெப்பத்தாலும் கொஞ்சம் மாறும், அவ்வளவே என்பது இவர் கட்சி.

இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. என்றைக்கோ ஒருவர் இரவல் வாங்கிய வண்டு ஐந்து காலோடு திரும்பி வந்ததாம். யார் கொடுத்தது, யார் வாங்கியது என்பதில் இன்னும் தகராறு. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ஹெத்விகா வழியாகப் பேசினார்கள்.

"அம்மா, அந்த ஐயாகிட்ட உப்பை நகர்த்தச் சொல்லுங்க."

"அம்மா, உப்பு வேணும்னா அந்தக் காலை முதல்ல தரச் சொல்லுங்க."

மண்ணில் கோப்பைகளை வாய்மட்டம் புதைத்து, அடியில் பீரும் வினிகரும் ஊற்றி வைத்தார்கள். வாசனைக்கு வரும் வண்டு உள்ளே விழும். குழி தோண்ட மத்யெய் ஆட்களைத்தான் வைத்தார்கள். பொறிக்கென்று வாங்கிய பீரில் எவ்வளவு பொறிக்குப் போனது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் வண்டு கிடைத்தது. பின்சுவர் ஓரம் வைத்த கோப்பைகளில் நிறையவே கிடைத்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், புளித்த முட்டைக்கோஸ் கிண்ணத்துக்கும் கடுகுச் சாடிக்கும் நடுவில் மைக்ராஸ்கோப்பை வைத்தார் பேராசிரியர். மரவெட்டிகள் சுற்றி நின்றார்கள். வண்டு கட்டைவிரலில் பாதி நீளம், கறுத்த வெண்கல நிறம், முதுகு ஓட்டில் மூன்று வரிசை குழிகள். அவர் ஊசியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"இது தாடை. நத்தையைக் கிழிக்கறதுக்கு. இது உணர்கொம்பு, மோப்பம் பிடிக்க. முன்காலைப் பாருங்க. ஆணுக்கு மட்டும் பாதம் அகலம். அடியில பிரஷ் மாதிரி மயிர்."

"எதுக்குங்க?" என்றான் மத்யெய்.

"பொண்ணு முதுகு வழவழன்னு இருக்கும். நழுவாம பிடிச்சுக்க."

"என் வீட்டுக்காரனுக்கு அந்த பிரஷ் இல்லாமப் போச்சே" என்றாள் ஹெத்விகா, சூப்பைக் கலக்கிக்கொண்டே.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "ஆனா கால், தாடை, முதுகு இதெல்லாம் வச்சு முடிவு சொல்ல முடியாது. எது எந்த வகைன்னு முடிவு பண்றது ஆணோட ஆண்குறிதான்" என்றார். கூடத்தில் தலைகள் எல்லாம் ஒருசேர முன்னால் வந்தன. வெந்நீரில் ஊறவைத்த வண்டின் பின்பக்கத்திலிருந்து, கொக்கி ஊசியால், தேன் நிறத்தில் சின்னதாக ஒன்றை எடுத்து அட்டையில் ஒட்டினார். "மத்த மலையில இதோட முனை நேரா இருக்கும். இங்க இடது பக்கம் வளைஞ்சிருக்கு. பாருங்க."

வரிசையில் நின்று எல்லோரும் பார்த்தோம். திருப்பலி நாளில்கூட அவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் கண்டதில்லை.

"அம்மா," என்றார் பல் டாக்டர், "அது காய்ஞ்சு வளைஞ்சதுன்னு அந்த ஐயாகிட்ட சொல்லுங்க. நான் கட்டற பல்செட்டும்தான் வெயில்ல வச்சா வளையும்."

அன்றிலிருந்து மலையில் இரண்டு கட்சி. முனை நேர் என்பது ஒன்று, வளைவு என்பது இன்னொன்று. மரவெட்டிகள் எல்லோரும் நேர்க்கட்சி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, "கோடு போட்ட மாதிரி நேரு!" என்று சத்தியம் செய்தார்கள். வளைவுக்கட்சியில் பேராசிரியர் மட்டும். ரகசியமாக ஹெத்விகா.

ரகசியம் என்று அவள்தான் நினைத்துக்கொண்டாள். பேராசிரியர் தட்டில் மெத்தென்ற மாட்டிறைச்சி, க்ரீம் குழம்பு, அவித்த மாவுருண்டை பஞ்சு போல. டாக்டர் தட்டில் நரம்பும் சவ்வும். அந்த மனிதர் மென்று மென்று, "உங்க சமையல் தாடைக்கு நல்ல பயிற்சி அம்மா. என்கிட்ட வர்றவங்களுக்கெல்லாம் சிபாரிசு பண்றேன்" என்றார். கபடமில்லாத ஆள். எனக்கே பாவமாக இருந்தது.

"ஏன் அக்கா அந்தாளை இப்படிப் படுத்தறே?" என்று கேட்டேன்.

"அவரு நேருன்னு சொன்னா நான் இங்கேயே கிடந்து சாவேன் லூபோர். உங்களுக்கெல்லாம் பீரு. எனக்கு இது கடைசி ஜன்னல்." மாவைக் குத்திப் பிசைந்தாள். நான் அதற்கப்புறம் நேர்க்கட்சிக்காரர்களோடு சேர்ந்து கத்துவதை நிறுத்திக்கொண்டேன்.

தீர்ப்பு நாளன்று புதிதாகப் பிடித்த ஆண் வண்டுகளை ஈரத்தோடு வரிசையாக அறுத்து வைத்தார்கள். காய்ந்து வளைந்தது என்று இனி சொல்ல முடியாது. டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். மரவெட்டிகள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவர் நிமிர்ந்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாகப் பேராசிரியரை நேராகப் பார்த்துப் பேசினார்.

"வளைஞ்சுதான் இருக்கு ஐயா. எல்லாமே."

மத்யெய் முகத்தை மூடிக்கொண்டான். ஹெத்விகா அடுப்படியிலிருந்து ஓடி வந்து டாக்டரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். கரண்டி அவர் முதுகில் குழம்பைக் கொட்டியது. அவருக்கு முன்னால் நீலப்பழம் வைத்த மாவுருண்டை தட்டுத் தட்டாக வந்து விழுந்தது. "அடப்பாவமே, துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று மத்யெய் என் காதில் சொன்னான். பேராசிரியர் எழுந்து, அருமையான மாவுருண்டைக்கு நன்றியாக இந்த வகைக்கு ஹெத்விகாவின் பெயரையே வைக்கப்போவதாக அறிவித்தார்.

"என் பேரா? எதுக்கு? அந்த வளைஞ்ச சாமானுக்கா?"

"அறிவியல்ல இதைவிடப் பெரிய மரியாதை இல்லை அம்மா."

"சரி, வச்சுத் தொலைங்க" என்றாள். அன்றைக்கு அவளுக்கு எதுவும் சம்மதம்.

ஹ்லாவிச்கா வந்த அன்று அவள் பெட்டியே கட்டி வைத்திருந்தாள், திரைச்சீலை மேலே. எல்லோருக்கும் பிளம் சாராயம் ஊற்றினாள், தனக்கும் தாராளமாக. ஹ்லாவிச்கா மூக்கைச் சிந்திவிட்டு, ஒரே ஒரு சந்தேகம் என்றார். தூரத்தில் வைத்த கோப்பைகள் எல்லாம் காலி. பின்சுவரைத் தாண்டினால் ஒரு வண்டுகூட இல்லை. ஏன் இங்கே மட்டும்?

பேராசிரியர் பனியுகம் என்று ஏதோ ஆரம்பித்தார். டாக்டர் பாறையின் சுண்ணாம்பு என்றார். இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டதால் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் தலையாட்டினார். முடிவுதான் வரவில்லை. ஹெத்விகாவுக்குப் பொறுக்கவில்லை. சாராயம் வேறு உள்ளே போயிருந்தது.

"இதுல என்ன பெரிய ஆராய்ச்சி? நான்தானே வளக்கறேன் அதுகளை!"

அவள் ஹ்லாவிச்காவைக் கையைப் பிடித்துப் பின்வாசலுக்கு இழுத்துப் போனாள். பீர்க் குழாய்க்கு அடியில் சொட்டுப் பிடிக்கும் தட்டு ஒன்று உண்டு. அதில் சேர்வதைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினால் அடுத்த பீப்பாய் புளித்துப்போகும் என்பது அந்த விடுதியில் வழிவழியாக நம்பிக்கை. அதனால் சாயங்காலமானால் பின்படியில் நின்று கற்சுவர் மேல் ஊற்றிவிடுவார்கள்.

"எனக்கு முன்னாடி இருந்தவளும் இங்கதான் ஊத்துவா. அதுக்கு முன்னாடி ஜெர்மன்காரன் காலத்துலயும் இங்கதான். பீர் வாசனைக்கு ஓடில்லாத நத்தை வரும். நத்தையைத் திங்க இதுக வரும். அம்புட்டுத்தான். நான் இல்லைன்னா இதுக எப்பவோ செத்திருக்கும்!" பெருமையாக மார்பைத் தட்டிக்கொண்டாள்.

ஹ்லாவிச்கா கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"அப்ப விடுதி போனா வண்டும் போயிடும்" என்றார் மெதுவாக.

"ஆமாங்கறேன்!" என்றாள் ஹெத்விகா. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கும் உறைத்தது.

முடிவு அங்கேயே, பின்படியிலேயே ஆயிற்று. விடுதி இருக்கும். பின்சுவரில் ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது. குழாய் சரிபண்ணுகிறேன் என்று மண்ணைத் தோண்டக் கூடாது. தினமும் பீர் ஊற்றுவது தொடர வேண்டும், அதுவும் அதே கையால்.

"அதே கையா?" என்றாள்.

"அனுபவப்பட்ட கை, தோழரே. புது ஆள் எப்படி ஊத்துவானோ, அளவு தெரியாது. அரிய உயிரினத்தோட விளையாட முடியாது."

"எனக்கு வீடு தர்றேன்னீங்களே?"

"விடுதியை இடிச்சாத்தானே வீடு?"

மரவெட்டிகள் ஓவென்று கத்திக்கொண்டு வந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "எங்க தாயி! ஒரே வார்த்தையில விடுதியைக் காப்பாத்திட்டா!" என்று மத்யெய் கண்ணீர் விட்டான். அவளைச் சுமந்துகொண்டு விடுதியைச் சுற்றி வந்தார்கள். மேலே உட்கார்ந்திருந்த அவள் முகத்தை நான் மட்டும்தான் பார்த்தேன். அந்த வாரம் மூன்று பீப்பாய் ஏற்ற வேண்டியிருந்தது, நான் ஏற்றவில்லை. கம்பி பழுது என்று சொல்லிவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஹெத்விகா சும்மா விடுகிறவள் இல்லை. "வண்டு இருந்தாத்தானே காவல்? இனிமே ஒரு சொட்டுக் கிடையாது. பட்டினி கிடந்து சாகட்டும்" என்றாள். பீப்பாய் புளித்தாலும் பரவாயில்லை என்று சொட்டுத்தட்டைச் சமையலறைத் தொட்டியிலேயே கவிழ்த்தாள். பின்வாசலைத் தாழ்போட்டாள். வண்டு அழிந்தால் காப்பிடம் இல்லை, காப்பிடம் இல்லையென்றால் அவளைக் கட்டிப்போட ஆள் இல்லை, வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டுக்காவது போய்விடலாம் என்பது கணக்கு. எனக்கு மட்டும் சொன்னாள். நானும் மூச்சு விடவில்லை. மறுவருடக் கோடை முழுவதும் இப்படியே போயிற்று. பெட்டியை அவள் அவிழ்க்கவே இல்லை.

அதற்கடுத்த கோடையில் பேராசிரியரும் டாக்டரும் சோதனைக்கு வந்தார்கள். இப்போது இணைபிரியாத சிநேகிதர்கள், ஒரே குடையில் வந்தார்கள். அவள் இருவருக்கும் சவ்வே பரிமாறினாள். கோப்பைகளைப் புதைத்துவிட்டுப் படுக்கப் போனார்கள்.

காலையில் நான் முதல் பீப்பாயோடு போய்ச் சேர்ந்தபோது பின்வாசல் திறந்திருந்தது. பேராசிரியர் சேற்றில் மண்டியிட்டு, "இரட்டிப்பு! இரட்டிப்புக்கும் மேல!" என்று கூவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கோப்பையிலும் வண்டு மேல் வண்டு ஏறிக்கொண்டு விளிம்பு வரை நெளிந்தன. டாக்டர் இரு கையாலும் அள்ளிக் காட்டி, "உங்க கைராசி அம்மா!" என்றார்.

ஹெத்விகா படியில் உட்கார்ந்து ருடோல்ஃபின் சறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுவரின் அடியையே பார்த்தாள். எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"லூபோர்," என்றாள், "குழாய்."

"எந்தக் குழாய்?"

"உடைஞ்ச குழாய்டா. தொட்டியில ஊத்தினது எங்க போகும்? நேரா சுவத்துக்கு அடியில. நான் மேல இருந்து தெளிச்சுக்கிட்டிருந்தேன். இப்ப படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கேன். சூப்பு, குழம்பு, எல்லாம் சேத்து."

"சரி பண்ணச் சொல்லலாமே?"

"சட்டப்படி தோண்டக் கூடாதுல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் கையில் இருந்த தட்டால் என் தலையில் ஓங்கி ஒன்று போட்டாள். அப்புறம் அவளும் சிரித்தாள். படியில் உருளாத குறையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் ஒரு கட்டத்தில் அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பேராசிரியர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு அவள் பெட்டியைத் திறந்து அந்த மஞ்சள் துணியை எடுத்து வந்தாள். சமையலறை மேஜை மேல் விரித்தாள். விடுதி ஜன்னல் பனிக்காகச் சின்னதாக வைத்தது, ஒரு தலை நுழையும் அளவு.

"அந்த முனையைப் பிடி" என்றாள்.

"அக்கா, வேண்டாம். வச்சிரு."

"இழுத்துப் பிடிடா. கோணலாப் போயிரும்."

பிடித்தேன். பாதியில் வெட்டினாள், அந்தப் பாதியிலும் பாதியை வெட்டினாள். கத்தரிக்கோல் மொட்டை, பூக்களின் நடுவில் சிக்கிச் சிக்கிப் போயிற்று. தைத்து அன்றைக்கே ஜன்னலில் மாட்டினாள். மிச்சம் நிறைய இருந்தது. அதை நாலாக மடித்துப் பின்படியில் மிதியடியாகப் போட்டாள். மறுநாள் காலையில் உதறுவதற்காகத் தூக்கினோம். அடியில் மூன்று வண்டுகள் படுத்திருந்தன. ஹெத்விகா குனிந்து பார்த்தாள். பிறகு துணியை இருந்தபடியே மறுபடி போர்த்திவிட்டு, சொட்டுத்தட்டை எடுக்க உள்ளே போனாள்.